‘இந்தப் பிள்ளைங்க அப்படித்தானுங்க’: இந்தப் பதிலோடு வீடு திரும்பாதீர்கள்

கேள்வி:

பல்லடம் பக்கம் ஒரு ஊருங்க. மூத்த பொண்ணுக்கு ஏழு வயசு, டவுன் சிண்ட்ரோம். பொறந்தப்பவே ரத்தம் எடுத்துப் பாத்துச் சொல்லிட்டாங்க. நெஞ்சுல இருந்த சின்ன ஓட்டை ரெண்டு வயசுல தானா மூடிருச்சு. அரசுப் பள்ளிக்கூடத்துல ரெண்டாவது படிக்கிறா. போன ஆடியில சளி புடிச்சதுக்கு அப்புறம் ஆளே மாறிட்டா. கூப்பிட்டாத் திரும்பறதில்ல. பேச்சுக் கொறஞ்சு போச்சு. வகுப்புல தூங்கறா. பள்ளிக்கூடம் போற வழியில உக்காந்துக்கறா, கையப் புடிச்சு இழுத்தாலும் வர்றதில்ல. மூணு நாளைக்கு ஒருக்காத்தான் வெளிக்கிப் போறா. ஆறு மாசத்துல எடை 19 கிலோல இருந்து 22 ஆயிருச்சு. டாக்டர்கிட்டக் காட்டினா, “இந்தக் குழந்தைங்க அப்படித்தாம்மா, வயசு ஏற ஏற மந்தமாகும்”னு சத்து டானிக் எழுதிக் குடுத்தாரு. டீச்சர் பிடிவாதம்ங்கறாங்க, சிறப்புப் பள்ளியில சேத்துங்கங்கறாங்க. வீட்டை ஒட்டியே தறிக்குடோன், நாலு தறி ஓடுது, எனக்கும் கூடமாட நேரம் சரியா இருக்குது. அவங்க அப்பாருகூட ஆட்டுக்குப் போனா மட்டும் சிரிப்பா இருக்கா. பதினாலு உருப்படியும் அவளுக்குத் தனித்தனியாத் தெரியும். ஒண்ணு வராட்டி பட்டிப் படலை மூட விடமாட்டா. அவ அறிவு இவ்வளவுதானுங்களா? பள்ளிக்கூடம் மாத்தறதுங்களா?

பதில்:

அம்மா, உங்கள் கடிதத்தில் நான் முதலில் கோடு போட்டது ‘ஆடியில சளி புடிச்சதுக்கு அப்புறம்’ என்ற இடத்தில். டவுன் சிண்ட்ரோம் ஆடியில் வந்ததல்ல. 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாகக் கருவிலேயே அமைந்துவிட்டது. அன்று முதல் இன்று வரை அதில் ஒரு மாற்றமும் கிடையாது. அப்படியிருக்க, ஆறு மாதத்தில் வந்த மாற்றத்தை அதன் தலையில் எப்படிக் கட்டுவது? ‘வயசு ஏற ஏற மந்தமாகும்’ என்று உங்களுக்குச் சொல்லப்பட்டதும் சரியில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளை மெதுவாகக் கற்கும். ஏழு வயதில் கற்றதை விட்டுவிட்டுப் பின்னால் போகாது. போனால் காரணம் தேட வேண்டும்.

காரணம் ஏன் கண்ணில் படவில்லை என்றால், மந்தம், மலச்சிக்கல், எடை கூடுதல், தோல் வறட்சி, மெதுவான பேச்சு எல்லாம் தைராய்டு குறைந்தால் வருகிற அறிகுறிகள். டவுன் சிண்ட்ரோம் என்றதும் ஊரார் மனதில் எழும் உருவமும் கிட்டத்தட்ட இதேதான். அதனால் பார்ப்பவருக்குப் புது நோய் தெரிவதில்லை, பழைய பெயர்தான் தெரிகிறது. காது கேட்காத பிள்ளையைப் பிடிவாதம் என்பதும், ராத்திரி மூச்சு முட்டித் தூக்கம் கெட்ட பிள்ளையைச் சோம்பேறி என்பதும் இதே கணக்கு.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது ஒரு சீட்டில் இதை எழுதிக்கொண்டு போங்கள்: “இவளுக்கு டவுன் சிண்ட்ரோமே இல்லைன்னு வெச்சுக்கங்க. நல்லா இருந்த ஏழு வயசுப் பிள்ளைக்கு ஆறு மாசத்துல இப்படி ஆனா என்னென்ன டெஸ்ட் எழுதுவீங்க? அதையே இவளுக்கும் எழுதிக் குடுங்க.” சண்டை போடுகிற தொனி வேண்டாம். நிதானமாகக் கேட்டால் போதும், கேள்வியே வேலை செய்யும்.

முதலில் ரத்தம். பிள்ளையைப் பல தடவை குத்த விடாதீர்கள். தைராய்டைப் பார்க்க டிஎஸ்எச், ஃப்ரீ டி4, கூடவே முழு ரத்த அணு எண்ணிக்கை, இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ஆகிய நான்கையும் ஒரே சீட்டில் எழுதச் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு பரிசோதனை பிறந்தபோது, 6 மாதத்தில், 1 வயதில், பிறகு வருடம் ஒரு தடவை என்று வாழ்நாள் முழுக்க உண்டு. பிறந்தபோது நார்மல் என்ற ரிப்போர்ட் ஏழு வயதுக்குச் செல்லாது. உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டு சுரப்பியைத் தாக்குவது வளர்ந்த பிறகும் தொடங்கும், இவர்களிடம் அது அதிகம். டிஎஸ்எச் கொஞ்சமாக, அதாவது 5-க்கு மேல் 10-க்குள் ஏறி, டி4 சரியாக இருந்தால், உடனே மாத்திரை தராமல் சில வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்லலாம். அது அலட்சியம் அல்ல. அப்படித் தானாக இறங்குவதும் உண்டு.

மாத்திரை தொடங்கினால் வீட்டில் நடக்கிற தவறு இரண்டு. ஒன்று, மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலக்குவது. தைராக்ஸின் என்ற இந்தத் தைராய்டு மாத்திரை காலை வெறும் வயிற்றில், தண்ணீரில்தான். பொடித்தாலும் ஒரு ஸ்பூன் தண்ணீரில் கரைத்து உடனே கொடுத்துவிடுங்கள். பாலோ பலகாரமோ அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து. இரண்டாவது, இப்போது உங்கள் கையில் இருக்கும் அந்தச் சத்து டானிக். அதில் இரும்போ கால்சியமோ இருந்தால், மாத்திரையை உடம்பு ஏற்காமல் செய்துவிடும். இரண்டுக்கும் நடுவே 4 மணி நேரம் விடுங்கள், ராத்திரிக்குத் தள்ளிவிட்டால் குழப்பமில்லை. 6 முதல் 8 வாரத்தில் மறுபடி ரத்தம் பார்த்து அளவு சரிசெய்வார்கள்.

ஃபெரிட்டினைத் தனியாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இரும்புச்சத்து குறைந்தால் சிவப்பணு சிறுத்துப்போகும், அதை வைத்துத்தான் சாதாரணமாகக் கண்டுபிடிப்பார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சிவப்பணு இயல்பிலேயே கொஞ்சம் பெரியது. குறைபாடு வந்து சிறுத்தாலும் ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்றே அச்சாகி வரும். பகலில் சோர்வும் ராத்திரி புரளலும் இருக்கும் பிள்ளைக்கு இதை விட்டுவிடக் கூடாது.

அடுத்தது காது. என் சந்தேகம் தைராய்டில் பாதி என்றால், இங்கே பாதி. இவர்களுக்குக் காதுக்குழாய் குறுகல். தொண்டையையும் நடுக்காதையும் இணைக்கும் குழலும் சரியாகத் திறந்து மூடாது. ஆடிக்காற்றில் ஒரு சளி பிடித்தால், மூக்கு சரியான பிறகும் செவிப்பறைக்குப் பின்னால் பிசின் மாதிரி நீர் மாதக்கணக்கில் தங்கிவிடும். வலியும் இல்லை, சீழும் இல்லை. அதனால் வீட்டில் தெரியாது. முழுச் செவிடும் ஆகாது. ஒரு நாள் கேட்கும், ஒரு நாள் கேட்காது. “டிவி சத்தம் மட்டும் கேக்குது, நாங் கூப்பிட்டா மட்டும் கேக்காதா?” என்ற கோபம் வருவது இதனால்தான். 30 டெசிபல் குறைந்தாலே சொல்லின் முதலில் வரும் மெல்லிய ஒலிகள் அமுங்கிவிடும். நீங்கள் பால், கால், வால் என்று மூன்று சொல் சொன்னால், அவள் காதில் மூன்று தடவை ‘ஆல்’ விழும். எதைச் சொல்கிறீர்கள் என்று உங்கள் முகத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டும். அடுத்த சுவரில் நாலு தறி ஓடும்போது அதுவும் முடியாது. பேச்சுக் குறைந்ததில் என்ன ஆச்சரியம்?

காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். முதலில் குறும்பியை நுண்ணோக்கி வைத்து எடுக்கச் சொல்லுங்கள், குறுகிய காதில் குச்சி வேலைக்கு ஆகாது. பிறகு செவிப்பறை அசைவதைக் காட்டும் டிம்பனோமெட்ரி. ரிப்போர்ட்டில் மலைபோல் எழுந்த கோடு வராமல் தட்டையாக வந்தால், பெரும்பாலும் உள்ளே நீர். அதோடு ஆடியாலஜிஸ்ட் செய்யும் கேட்டல் சோதனை. ‘சத்தம் கேட்டதும் டப்பாவில் ஒரு மணியைப் போடு’ என்கிற விளையாட்டாகத்தான் அதைச் செய்வார்கள். போகும் முன் ஒரு வாரம் வீட்டில் கரண்டியால் தட்டை மெல்லத் தட்டி, டப்பாவில் புளியங்கொட்டை போட வைத்துப் பழக்குங்கள். பழகாமல் போனால் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். அதற்கும் வழி உண்டு, தூங்க வைத்துச் செய்யும் பெரா சோதனை. நீர் மூன்று மாதத்துக்கு மேல் வடியாமல் கேட்டலும் குறைந்திருந்தால், செவிப்பறையில் சின்னக் குழல் வைப்பது பற்றியோ, சில காலம் கேட்கும் கருவி போடுவது பற்றியோ பேசுவார்கள்.

அதே டாக்டரிடம் போகும்போது தூக்கத்தையும் காட்டிவிடலாம். அதிகாலை மூன்றிலிருந்து ஐந்துக்குள் உங்கள் செல்போனில் இரண்டு மூன்று நிமிடம் வீடியோ எடுங்கள். வாயும் நெஞ்சும் படத்தில் தெரிய வேண்டும், குறட்டைச் சத்தமும் பதிய வேண்டும். குறட்டை நடுவில் நின்று, நெஞ்சு மட்டும் ஏறி இறங்கி, பிறகு விக்கியது போல மூச்சு வாங்கினால் அதுதான் தடைப்பட்ட மூச்சு. கழுத்தைப் பின்னால் வளைத்துத் தூங்குவது, உட்கார்ந்தபடி மடியில் தலை கவிழ்த்துத் தூங்குவது, தலையணை நனையும் அளவு வியர்ப்பது, நின்றுபோன படுக்கை நனைப்பு மறுபடி தொடங்குவது எல்லாம் சேர்த்தி. ஆனால் வீடியோவில் ஒன்றும் இல்லை என்பதை வைத்து விட்டுவிடவும் முடியாது. அதனால்தான் டவுன் சிண்ட்ரோம் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் 4 வயதுக்குள், தூங்கும்போது மூச்சைப் பதிவுசெய்யும் ஸ்லீப் ஸ்டடி ஒன்று பார்க்கச் சொல்கிறோம். உங்களுக்குக் கோவை போக வேண்டியிருக்கலாம். மூச்சை அடைக்கும் தொண்டைச் சதையான டான்சிலும், மூக்கின் பின்பக்கச் சதையான அடினாய்டும் எடுத்தால் நல்ல மாற்றம் தெரியும். பலருக்கு முழுதாகத் தீராது, எடுத்த பின்னும் ஒரு முறை ஸ்டடி செய்ய வேண்டும்.

கண்ணும் பல்லும் சுருக்கமாக. வருடம் ஒரு தடவை கண் பரிசோதனை. ‘கிட்டத்தில் எழுத்து தெளிவாகத் தெரிகிறதா’ என்று குறிப்பிட்டுக் கேளுங்கள், இவர்களில் பலருக்குக் கிட்டப் பார்க்கும்போது கண் குவியாது. கண்ணாடி போட்டால் மூக்குத்தண்டு தாழ்வு என்பதால் வழுக்கி இறங்கும். தலைக்குப் பின்னால் கட்டும் பட்டையோடு வாங்குங்கள். பல்லில் குழியும் ஈறு வீக்கமும் உண்டா என்று பல் டாக்டர் ஒரு தடவை பார்க்கட்டும். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை வாயை மூடிக்கொள்ளும், அவ்வளவுதான்.

இனி சொல்வதை மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். நடை தடுமாறினாலோ, கழுத்தை ஒரு பக்கமே சாய்த்து வைத்திருந்தாலோ, கையில் பிடித்ததை நழுவவிட்டாலோ, அடக்கத் தெரிந்த பிள்ளைக்குச் சிறுநீர் அடங்காமல் போனாலோ, அன்றைக்கே மருத்துவமனை. மேல் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே பிடிப்பு இவர்களுக்குத் தளர்வு, தண்டுவடம் நசுங்கலாம். இந்த அறிகுறி எதுவும் இல்லாதபோது சும்மா எக்ஸ்ரே எடுத்து வைப்பதில் பயனில்லை. எந்த ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுத்தாலும் இந்தக் கழுத்து விஷயத்தை முன்கூட்டியே நினைவூட்டுங்கள். பள்ளியில் குட்டிக்கரணம் போடச் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள்.

வழியில் உட்கார்வதற்கு வருவோம். கையைப் பிடித்து இழுக்காதீர்கள். மூட்டு தளர்ந்த பிள்ளை, முழங்கை விலகிவிடும். ஒரு வாரம் நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதுங்கள்: எந்த இடத்தில் உட்கார்ந்தாள், அதற்கு ஒரு நிமிடம் முன்பு என்ன நடந்தது, உட்கார்ந்ததும் அவளுக்குக் கிடைத்தது என்ன. தினமும் ஒரே தூரத்தில் உட்கார்ந்தால் சோர்வோ பாத வலியோ இருக்கும். தட்டைப் பாதம் இவர்களுக்குச் சகஜம், குதிகாலைப் பிடிக்கும் செருப்பு வேண்டும். பள்ளி வாசல் தெரிந்ததும் உட்கார்ந்தால் உள்ளே ஏதோ கஷ்டம். உட்கார்ந்தால் நீங்கள் தூக்கிக்கொள்கிறீர்கள் என்று கண்டுபிடித்திருந்தால் அதுவும் அறிவுதான், கோபிக்க ஒன்றுமில்லை. கிளம்பும் முன்பே ‘முதல்ல பள்ளிக்கூடம், அப்புறம் ஆடு’ என்று இரண்டு படம் காட்டுங்கள். உட்கார்ந்துவிட்டால் கெஞ்சாமல், திட்டாமல், பக்கத்தில் நின்று பத்து எண்ணிவிட்டு மறுபடி ஒரே வார்த்தை, ‘போலாம்’.

‘அறிவு இவ்வளவுதானுங்களா’ என்று கேட்டிருக்கிறீர்கள். நோயைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு, ஆடுகளைப் பற்றி நாலு வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அந்த நாலு வரி நாற்பது வரியாக வேண்டியிருந்தது. பதினாலு ஆட்டையும் முகம் பிரித்து அறிவதும், அந்தியில் எது வரவில்லை என்று தெரிவதும், அது வரும் வரை படலைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் சின்ன விஷயமா? கண்ணால் பார்த்து மனதில் நிறுத்தும் திறமை டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குப் பொதுவாக நன்றாக இருக்கும், உங்கள் மகளுக்கு அது கூடுதலாகவே இருக்கிறது. ஒன்று மட்டும்: யார் இல்லை என்று தெரிவது எண்ணிக்கை அல்ல, நினைவு. அதனால் கணக்கும் வரும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கணக்கு இவர்களுக்கு வாசிப்பைவிடச் சிரமம். ஐந்து ஆட்டுக்கு ஐந்து கல் என்று பட்டி வாசலில் வைத்து, உள்ளே ஒன்று போனால் ஒரு கல்லை டப்பாவில் போடச் சொல்லி அப்பாரு தினமும் செய்தால் நல்ல தொடக்கம்.

காதால் கேட்டு நினைவில் வைப்பதுதான் இவர்களுக்குப் பலவீனம். ‘பையை வெச்சுட்டு, கையைக் கழுவிட்டு, தட்டை எடுத்துட்டு வா’ என்றால் கடைசியில் கேட்ட தட்டை மட்டும் எடுத்து வருவாள். டீச்சர் இதையும் பிடிவாதத்தில் சேர்த்திருப்பார். ஒரு நேரத்தில் ஒரு வேலை, கையாலும் காட்டிச் சொல்லுங்கள். கேள்வி கேட்டால் பத்து வினாடி காத்திருங்கள். பத்து வினாடி எவ்வளவு நீளம் என்று ஒரு தடவை கடிகாரத்தில் பாருங்கள், நாமெல்லாம் இரண்டாவது வினாடியிலேயே பதிலை நாமே சொல்லிவிடுகிறோம்.

வாசிப்பை ‘அ, ஆ’ முழுதும் சொன்ன பிறகுதான் தொடங்க வேண்டும் என்றால் 247 எழுத்தில் பிள்ளை அங்கேயே நின்றுவிடும். முழுச் சொல்லிலிருந்து தொடங்குங்கள். ஏ4 அளவு அட்டையை நீளவாக்கில் மூன்றாக வெட்டினால் மூன்று சீட்டு. கறுப்பு மார்க்கரில், எழுத்து நாலு சென்டிமீட்டர் உயரம். ஆட்டுக்கு வீட்டில் வைத்த பெயர்களையே எழுதுங்கள், ‘கருப்பி’, ‘செவலை’ என்பது போல. செல்போனில் எடுத்த ஆட்டின் படத்தை அச்சடித்து அதன் கீழே அந்தச் சொல். முதலில் சொல் சீட்டை அதே சொல்லின் மேல் பொருத்த வையுங்கள். அது வந்த பிறகு, இரண்டு சீட்டை வைத்து ‘கருப்பி எது?’ என்று எடுக்க வையுங்கள். ‘இது என்ன?’ என்று வாயால் சொல்ல வைப்பது கடைசிப் படி. சொல் தெளிவாக வராவிட்டாலும் சரியான சீட்டை எடுத்தால் அது வாசிப்புத்தான். தப்பாகக் கை போனால் ‘இல்லை’ என்று சொல்லாமல், கையை மெல்லச் சரியான சீட்டுக்கு நகர்த்திவிடுங்கள். தப்பு செய்து செய்து கற்பது இவர்களுக்கு ஒத்துவராது, தப்பும் சேர்ந்தே மனதில் நின்றுவிடும். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு சொல்லை முதல் மாதம் சேர்த்து வைக்காதீர்கள். ஐந்து நாளில் நாலு நாள் சரியாக எடுத்தால் புதிதாக ஒரு சீட்டு. ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு தடவை, அதற்கு மேல் இழுத்தால் வெறுப்பாள். தறி ஓடும்போது வேண்டாம். பாவு பிணைக்க நிறுத்தும் நேரமோ, மின்தடையோ, பட்டி வாசலோ நல்லது.

பள்ளியை இப்போது மாற்றாதீர்கள். காது அடைத்து, தூக்கம் கெட்டு, உடம்பு மந்தமாக இருக்கும் பிள்ளையை வைத்து எடுக்கும் முடிவு எந்தப் பள்ளிக்கும் நியாயமாக இராது. டெஸ்ட் முடிந்து, சிகிச்சை தொடங்கி மூன்று மாதம் போகட்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறன் சான்று உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை பக்கத்துப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி. எது என்று தேர்ந்தெடுப்பது உங்கள் பக்கம். வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் பள்ளிக்கு எந்த நாள் வருகிறார் என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டு, அந்த நாளில் நேரில் பாருங்கள். ‘எண்ணும் எழுத்தும்’ வகுப்பில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் சொல்லித் தருகிறார்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளை அரும்பு நிலையில் இருப்பதற்கு அந்தத் திட்டத்திலேயே இடம் இருக்கிறது, யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

டீச்சருக்கு ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். மேலே மருத்துவப் பெயர் வேண்டாம், கடைசி வரியில் இருக்கட்டும். இப்படித் தொடங்கலாம்: “ஆடுகள் என்றால் உயிர். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சில நேரம் கேட்காது, தோளைத் தொட்டால் திரும்புவாள். முன்வரிசையில், முகம் தெரியும் இடத்தில் உட்கார வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலை சொன்னால் செய்வாள். தண்ணீர் வேண்டுமென்றால் கட்டைவிரலை வாயருகே காட்டுவாள். பதில் வரப் பத்து வினாடி ஆகும்.” உங்கள் மகளின் வழக்கத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். பழைய மருத்துவக் காகிதம் எதிலாவது டவுன் சிண்ட்ரோமின் பழைய பெயரான ‘மங்கோல்’ என்று எழுதியிருந்தால் நகல் எடுத்துப் பள்ளிக்குக் கொடுக்காதீர்கள். 1965-இல் மங்கோலிய நாடே கேட்டுக்கொண்டு உலக சுகாதார நிறுவனம் கைவிட்ட சொல் அது.

மாற்றுத்திறனாளி அட்டை இன்னும் எடுக்கவில்லை என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தொடங்குங்கள். மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகையும், தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் வருடம் ஒரு லட்சம் ரூபாய் வரையான மருத்துவச் செலவும் அதை வைத்துத்தான் கேட்க முடியும். காது, பேச்சு, பயிற்சி எல்லாம் ஒரே இடத்தில் பார்க்க, மாவட்ட அரசு மருத்துவமனையில் குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே என்று கேளுங்கள். 18 வயது வரை பார்ப்பார்கள்.

எடையை எழுதினீர்கள், உயரத்தை எழுதவில்லை. செருப்பில்லாமல் குதிகாலும் பின்தலையும் சுவரில் படும்படி நிற்க வைத்து, தலைமேல் ஒரு கெட்டிப் புத்தகத்தைச் சுவரோடு செங்குத்தாக வைத்துக் கோடு போட்டு அளந்து அனுப்புங்கள். போன வருடப் பள்ளிப் பதிவேட்டில் உள்ள உயரத்தையும் கேட்டு வாங்குங்கள். எடை ஏறி, உயரம் நின்றிருந்தால் தைராய்டு ரிப்போர்ட் வரும் வரை காத்திருக்காமல் அதைக் கையோடு டாக்டரிடம் காட்டுங்கள்.